403-இல் 187 போனால்: அபாகஸா, டியூஷனா, வேறு பள்ளியா?

இரண்டாம் பருவத் தேர்வின் கணக்குத் தாளை மகள் புத்தகப் பையின் அடியில், மழைக்கோட்டுக்குள் மடித்துச் செருகி வைத்திருந்தாள். நான்காம் வகுப்பு, மெட்ரிக் பள்ளி, 60க்கு 36. மதிப்பெண்கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஒரு கணக்கில்தான் கண் போய் நின்றது. 403 − 187. விடை 216 என்று சரியாக எழுதியிருக்கிறாள். ஆனால் இரண்டு மதிப்பெண்ணுக்கு ஒன்றுதான் விழுந்திருக்கிறது. பக்கத்தில் சிவப்பு மையில் "ஸ்டெப்ஸ் எங்கே?"

"எப்படிப் போட்ட?" என்று கேட்டேன். திட்டப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "187ஓட மூணு போட்டா 190. அப்புறம் ஒரு பத்து, 200. அப்புறம் இருநூறு, 400. மிச்சம் மூணு. எல்லாம் சேத்தா 216."

நான் கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறவள். கல்லாவில் உட்காரும் நாட்களில் மீதிச் சில்லறையை இப்படித்தான் எண்ணிக் கொடுக்கிறேன். பூக்காரம்மாவும் இப்படித்தான் கொடுப்பார். நான்காம் வகுப்புப் பிள்ளை யாரும் சொல்லித்தராமல் அதைப் பிடித்திருக்கிறது. அதற்குப் போய் மதிப்பெண் குறைப்பதா என்று அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

கோபம் அடங்கியதும் மீதித் தாளைப் பார்த்தேன். இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, ஆங்கிலத்தில் இருந்த ஒரு வாக்கியக் கணக்கு. ரவியிடம் 45 கோலி, அது பாபுவிடம் இருப்பதைவிட 12 அதிகம், பாபுவிடம் எத்தனை? 'மோர்' என்ற சொல்லைப் பார்த்ததும் கூட்டி 57 என்று எழுதிவிட்டாள். அதையே தமிழில் வாயால் கேட்டேன். "33" என்று உடனே பதில் வந்தது. இன்னொன்று, கடைசி மூன்று கணக்குகளைத் தொடவே இல்லை, நேரம் போதவில்லை. ஏன் போதவில்லை என்றால் 6 × 8 போன்றவற்றுக்கு விரல்விட்டு எண்ணியிருக்கிறாள். ஓரத்தில் சின்னச் சின்னக் கோடுகள், எண்ணி அழித்த தடங்கள்.

ஆக, பழுது மூன்று. அவளுக்கென்று ஒரு முறை இருக்கிறது, அதைத் தாளில் எழுதிக் காட்டத் தெரியவில்லை. கணக்கின் ஆங்கிலம் புரியவில்லை. வாய்ப்பாடு வரவில்லை. இதை அன்றைக்கே ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்தேன். அடுத்த இரண்டு மாதம் ஆளுக்கொரு யோசனை சொன்னபோது அந்தத் தாள்தான் என்னைக் காப்பாற்றியது.

முதலில் வந்தது அபாகஸ், மணிச்சட்டத்தை வைத்துக் கணக்குப் போடும் பயிற்சி. எங்கள் தெருவில் நான்கு பிள்ளைகள் போகிறார்கள். இலவச அறிமுக வகுப்புக்கு நானும் கூடப் போய் உட்கார்ந்தேன். பார்க்க அசத்தலாகத்தான் இருந்தது. ஏழு வயதுப் பையன் கண்ணை மூடிக்கொண்டு, காற்றில் விரலைச் சுண்டிச் சுண்டி, பத்து எண்களைக் கூட்டிச் சொன்னான். சட்டத்தில் ஒவ்வொரு கம்பியிலும் மேலே ஒரு மணி, கீழே நான்கு. மேலே இருப்பதற்கு ஐந்து மதிப்பு, கீழே இருப்பவற்றுக்கு ஒவ்வொன்று. இது ஜப்பானிய வகை மணிச்சட்டம். சட்டத்தில் பழகிப் பழகி, பிறகு சட்டமே இல்லாமல் மனக்கண்ணில் மணியை நகர்த்துகிறார்கள். இதில் எனக்கு உண்மையிலேயே பிடித்தது, 'சின்ன நண்பன், பெரிய நண்பன்' என்று அவர்கள் சொல்லிக்கொடுத்த ஜோடிகள். சேர்த்தால் ஐந்து வருவது சின்ன நண்பன், பத்து வருவது பெரிய நண்பன். ஏழுக்கு மூன்று, எட்டுக்கு இரண்டு. என் மகள் 187ஐ 190 ஆக்கினாளே, அது பெரிய நண்பன்தான்.

ஆனால் துண்டறிக்கையில் ஞாபகசக்தி கூடும், மூளையின் இரண்டு பக்கமும் விழிக்கும், எல்லாப் பாடத்திலும் முதலிடம் என்று போட்டிருந்தது. இதைப் பற்றி முறையான ஆய்வு ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். இருக்கிறது, அதுவும் நம் நாட்டிலேயே. குஜராத்தின் வடோதராவில் ஒரு பள்ளியில் குலுக்கல் முறையில் பிள்ளைகளைப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் அபாகஸ் சொல்லிக்கொடுத்து மூன்று வருடம் கவனித்திருக்கிறார்கள். முடிவு 2016இல் வெளியானது. அபாகஸ் பிள்ளைகள் கூட்டல் கழித்தல் போன்ற கணக்குகளில் முன்னேறினார்கள். பொதுவான அறிவுத்திறனில் மாற்றம் இல்லை. அதிலும், படமாக மனதில் நிறுத்தும் திறன் முன்பே நன்றாக இருந்த பிள்ளைகளுக்குத்தான் கூடுதல் பலன். எனக்கு இது நேர்மையான பதிலாகத் தெரிந்தது. அபாகஸ் ஏமாற்று வேலை இல்லை. அது வேகம் கொடுக்கும்.

எங்கள் ஊர் மையத்தில் எட்டு நிலை, நிலைக்கு 3,500 ரூபாய். முழுக்க முடிக்க 28,000, இரண்டரை வருடம். ஃபிரிட்ஜில் ஒட்டிய தாளோடு பொருத்திப் பார்த்தால், மூன்று பழுதில் ஒன்றுக்குப் பாதி மருந்து. 'மோர்' என்றால் என்ன என்று மணி சொல்லாது. விட்டுவிட்டேன். ஊரே அபாகஸ் பைத்தியமாகத் திரிவதற்கு ஒரு காரணம் உண்டு. டிசம்பர் 22 ராமானுஜன் பிறந்தநாள், தேசியக் கணித தினம். அவர் வளர்ந்த வீடு இங்கே சாரங்கபாணி சன்னதித் தெருவில், படித்தது டவுன் ஹைஸ்கூலில். ஆகவே எங்கள் ஊரில் எந்தப் பள்ளியும் அந்த நாளைச் சும்மா விடாது. பெரும்பாலும் கொண்டாட்டம் என்றால் வேகக் கணக்குப் போட்டி. நிமிடத்துக்கு எத்தனை பெருக்கல் என்று மேடையில் மணி அடிப்பார்கள். இங்கே அரசுக் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தவறி உதவித்தொகையை இழந்த ஒரு மனிதருக்கு இப்படி ஒரு மரியாதை.

அடுத்தது டியூஷன். மாதம் 600 ரூபாய், வாரத்தில் ஐந்து நாள், ஒரு வீட்டு ஹாலில் மூன்றாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புவரை பதினாலு பிள்ளைகள். டியூஷனைக் கேலி செய்வது சுலபம். நான் செய்ய மாட்டேன். அப்பா அம்மா இரண்டு பேரும் இரவு எட்டரைக்கு வீடு திரும்பும் குடும்பத்தில், வீட்டுப்பாடம் முடிந்த பையோடு பிள்ளை காத்திருப்பது பெரிய நிம்மதி. என் தங்கை மகன் அங்கேதான் வாய்ப்பாடு படித்தான், பதினாறு வரைக்கும் தட்டாமல் சொல்கிறான். ஒரு வாரம் மகளையும் அனுப்பிப் பார்த்தேன்.

பள்ளியில் என்ன நடந்ததோ அதுவே அங்கே இரண்டாம் காட்சி. கடன் வாங்கிக் கழித்தல். "3லேருந்து 7 போகாது, பக்கத்துல கடன் கேளு, பக்கத்துல சைபர், அவன்கிட்டயும் இல்ல, அதுக்கடுத்த வீட்டுல கேளு." பாட்டு மாதிரி எல்லாரும் சேர்ந்து சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்து மகள் கேட்டாள், "கடன் வாங்குனத எப்பம்மா திருப்பிக் குடுப்பாங்க?" சிரித்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்துகொண்டேன், இங்கிலாந்துப் பள்ளிகளில் ஒரு காலத்தில் நிஜமாகவே திருப்பிக் கொடுக்கும் முறை இருந்திருக்கிறது. மேலே பத்தைக் கூட்டினால் கீழே அடுத்த இலக்கத்தில் ஒன்றைக் கூட்டி ஈடுகட்டிவிடுவார்கள். 13இல் 7 போனால் 6. கீழே 8 இப்போது 9, மேலே 0 இப்போது 10, போனால் 1. கீழே 1 இப்போது 2, 4இல் போனால் 2. 216. நடுவில் சைபர் வந்தால் தெருத்தெருவாகக் கடன் கேட்டு அலைய வேண்டியதில்லை. ஒரே கழித்தலுக்கு உலகத்தில் இத்தனை வழி இருக்க, என் மகளின் வழிக்கு மட்டும் ஒரு மதிப்பெண் குறைவு.

சரி, பள்ளியையே மாற்றினால்? இதற்காகப் பெற்றோர் கூட்டத்தில் முதலில் மிஸ்ஸிடம் பேசினேன். சண்டை போடும் எண்ணத்தில்தான் போனேன். அவர் சொன்னது வேறு. "நாப்பத்திரண்டு பிள்ளைங்கம்மா, நாப்பது நிமிஷ பீரியட். ஆளுக்கு ஒரு முறைன்னா நான் எப்படித் திருத்தறது? சில பேரு பக்கத்துப் பிள்ளையப் பாத்து விடைய மட்டும் எழுதிடுறாங்க, அதான் ஸ்டெப் கேக்குறேன்." அதுவும் நியாயம்தான். 2005இல் தேசியக் கலைத்திட்டம் வந்தபோது கணிதக் கற்பித்தலுக்கென்று அமைத்த குழுவுக்குச் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் ஆர். ராமானுஜம் தலைவர். அந்தக் குழு அன்றைக்கே எண்ணிச் சொன்ன கோளாறுகளில் முதலாவது பிள்ளைகளிடம் இருக்கும் பயமும் தோற்றுவிடுவோம் என்ற எண்ணமும். செப்பமில்லாத மதிப்பீட்டு முறையும், ஆசிரியருக்குப் போதிய பயிற்சியும் துணையும் இல்லாததும் அதே பட்டியலில் இருந்தன. இருபது வருடம் ஓடிவிட்டது. மிஸ்ஸின் கையில் இருப்பது இன்னும் அதே சிவப்பு மைப் பேனாவும் நாற்பத்திரண்டு தாளும்.

சிபிஎஸ்இ பள்ளி ஒன்றை விசாரித்தோம். மத்திய அரசின் என்சிஇஆர்டி நிறுவனம் போடும் புதிய புத்தகங்கள் நன்றாக இருக்கின்றன என்று கேள்விப்பட்டிருந்தேன். மூன்றாம் வகுப்புக்கு 2024இலும் நான்கு, ஐந்துக்கு 2025இலும் 'மேத்ஸ் மேளா' என்ற கணக்குப் புத்தகம் வந்தது. புரட்டிப் பார்த்தேன், படம் பார்த்து யோசிக்கச் சொல்கிறது, ஒரே கணக்கைப் பல விதமாகப் போடச் சொல்கிறது. ஆனால் அந்தப் பள்ளியில் நான்காம் வகுப்புக்குக் கையில் கொடுத்த புத்தகம் வேறு, தனியார் பதிப்பகத்துடையது. உள்ளே பக்கம் பக்கமாகக் கோடிட்ட இடங்கள். பலகையில் இருக்கும் வாரியத்தின் பெயருக்கும் வகுப்பறையில் நடப்பதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று நம்பி, ஐம்பதாயிரம் கட்ட இருந்தோம். என்சிஇஆர்டி புத்தகமோ இணையத்தில் இலவசம், நம் பாடநூல் கழகப் புத்தகமும் அப்படியே. புத்தகத்துக்காகப் பள்ளி மாற வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொரு பள்ளியும் பார்த்தேன். என் அண்ணி திருவிடைமருதூர்ப் பக்கம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியர். அரசுப் பள்ளிகளில் 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக்கு 'எண்ணும் எழுத்தும்' வந்தது, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும். பிள்ளை எந்த வகுப்பு என்பதைவிட எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் போன அன்று பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, துடைப்பக் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். 42இல் 17 எடுக்க வேண்டும். இரண்டு குச்சிதான் தனியாக இருக்கிறது. ஒரு பொண்ணு ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றினாள், அவ்வளவுதான். கடனும் இல்லை, வட்டியும் இல்லை. கட்டைப் பிரித்தாள், எடுத்தாள், மிச்சத்தை எண்ணினாள். எல்லாம் தமிழில் நடந்தது.

நான் பார்த்தவற்றிலேயே கணக்குக்கு நல்ல இடம் அதுதான். ஆனாலும் சேர்க்கவில்லை. காரணம் கணக்கு இல்லை. என் மாமியார் முகம் சுளித்தார், நானும் உள்ளுக்குள் தயங்கினேன், இங்கிலீஷ் மீடியத்திலிருந்து எடுத்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று. மறைக்க ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்கு வாசிக்கவும் கணக்குப் போடவும் வருகிறதா என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் அசர் ஆய்வின் 2024 அறிக்கைப்படி நாட்டின் கிராமப்புறங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் சுமார் 31 சதவீதம். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி இரண்டையும் சேர்த்துத்தான் இந்த எண். அது தெரிந்தும் தயங்கினோம். குச்சிக் கட்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

கடைசியாக மிஞ்சியது வீடு. செலவு இல்லை, ஆனால் இருப்பதிலேயே கஷ்டமான வழி இதுதான். முதல் மூன்று நாள் நான்தான் உட்கார்ந்தேன். மூன்றாம் நாளே "இதுகூடவா தெரியல?" என்று கத்திவிட்டேன். அவள் அழவில்லை, தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பகலெல்லாம் கல்லாவில் பொறுமையாகச் சில்லறை எண்ணும் எனக்கு, பெற்ற பிள்ளை ஒரு பெருக்கலில் தடுமாறினால் பொறுக்கவில்லை.

என் கணவர் மரவேலை செய்கிறார். ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தியவர். "எனக்குக் கணக்கே வராது, நீயே பாரு" என்று ஒதுங்கிக்கொள்வார். அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு மகளைக் கூட்டிப்போனார், என்னிடமிருந்து காப்பாற்றத்தான். திரும்பி வந்தவள் கையில் அளவு டேப். "அம்மா, ஒரு அங்குலத்துல எட்டு நூல். அரை அங்குலம் நாலு நூல். கால் அங்குலம் ரெண்டு நூல்." பட்டறையில் பின்னம் என்ற சொல்லையே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதைப் பற்றியும் படித்திருக்கிறேன். பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் தேங்காயும் காய்கறியும் விற்ற ஐந்து பிள்ளைகளைப் பற்றி 1985இல் வந்த ஆய்வு அது. விற்கும் இடத்தில் வாங்குகிறவர் போலக் கேட்டபோது 100க்கு 98 சரி. அதே எண்களை வெறும் கணக்காகத் தாளில் கொடுத்தபோது 37தான். இதைப் படித்ததும் ஆஹா, கடைத்தெருவே பள்ளி என்று குதித்தேன். ஆனால் 2025இல் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் செய்த பெரிய ஆய்வு வந்தது. அது இரண்டு பக்கமும் கையைச் சுட்டது. சந்தைப் பிள்ளைகளால் பள்ளிக் கணக்கைப் போட முடியவில்லை, பள்ளிப் பிள்ளைகளால் சந்தைக் கணக்கைப் போட முடியவில்லை. ஒன்று தெரிந்தால் மற்றது தானாக வந்துவிடாது. பாலத்தை யாராவது போட்டுத்தான் ஆக வேண்டும்.

அதனால் எங்கள் ஏற்பாடு இப்படி. பள்ளி அதேதான். தினம் இருபது நிமிடம், அப்பாவோடு. டேப், குச்சிக் கட்டு, ஒரு கவுளி வெற்றிலை என்றால் நூறு இலை, அதை நாலு வீட்டுக்குப் பிரித்தால் எத்தனை என்ற மாதிரி பேச்சு. பேசியதை எல்லாம் கடைசியில் தாளில் எழுத வேண்டும், இரண்டு விதமாக. மேலே மிஸ் சொன்ன முறை, கீழே அவள் முறை. இரண்டு விடையும் ஒன்றாக வந்தால் சரி பார்த்தாகிவிட்டது. ஸ்டெப் கேட்கும் மிஸ்ஸுக்கும் ஸ்டெப் கிடைத்தது.

வாக்கியக் கணக்கின் ஆங்கிலத்துக்கு நான் பொறுப்பு. அதில் எனக்குக் கோபம் வருவதில்லை, ஏனோ. 'மோர் தேன்', 'லெஸ் தேன்', 'லெஃப்ட்', 'ஈச்' என்று ஒரு முப்பது சொல்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. ஒவ்வொன்றையும் அவளே தமிழில் ஒரு கதையாக மாற்ற வேண்டும், அப்புறம் பட்டைப் படம். பாபுவுக்கு ஒரு பட்டை, ரவிக்கு அதைவிட நீளமான பட்டை, எங்கே 12, எங்கே 45. சிங்கப்பூர்க் கல்வி அமைச்சகம் 1980களில் பரப்பிய முறை இது. படம் வரைந்துவிட்டால் கூட்டுவதா கழிப்பதா என்று அவளுக்கே தெரிந்துவிடுகிறது.

வாய்ப்பாடு? மனப்பாடம்தான், வேறு வழியில்லை. மனப்பாடத்தைத் திட்டுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. என் தாத்தா மளிகைக் கடைக்காரர், மாகாணி வாய்ப்பாட்டைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். மாகாணி என்றால் பதினாறில் ஒன்று. ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலத்தில் அது இல்லாமல் கடை நடத்த முடியாது. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது, மாகாணியின் தேவையும் கடையை விட்டுப் போயிற்று. 6 × 8க்கு அந்த நிலை இன்னும் வரவில்லை. குளிக்கும்போது ஒரு வாய்ப்பாடு, சைக்கிளில் ஒன்று. பத்து ரூபாய் வாய்ப்பாட்டுப் புத்தகம் போதுமானதாக இருந்தது.

மூன்றாம் பருவத்தில் 60க்கு 41. ஐந்து மதிப்பெண் கூடுதல், அவ்வளவுதான். அபாகஸ் போகும் பக்கத்து வீட்டுப் பையன் 55. ஐந்தாம் வகுப்பில் நெடுமுறை வகுத்தலில் திண்டாடினால் டியூஷனுக்கு அனுப்பிவிடலாம் என்று கணவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவரும் தலையாட்டினார்.

போன வாரம் பட்டறையில் ஒரு அலமாரிக்குச் சட்டம் இழைத்துக்கொண்டிருந்தார். முக்கால் அங்குலச் சட்டம். மகள் டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, முக்கால்ல ஆறு அரைக்கால் இருக்கு" என்றாள். அவர் இழைப்புளியை நிறுத்தாமலே, "அதான் ஆறு நூல்" என்றார்.